தகடூர் நாட்டு உழவர் இல்லறமும் மன்றோவின் மடலும்

கல்வெட்டு, செப்பேடு, நாணயம், இலக்கியம், அயல்நாட்டார் குறிப்பு என்பன வரலாற்றுக்குரிய சான்றுகள் என நூல்கள் தொகுத்துரைக்கும். இவற்றால் அரசர்தம் போரும் கொடையும் விரிவாக அறியப்படுகின்றன. ஆனால், ஒரு குடும்பத்தில் எவர் நிலத்துக்குச் சென்றனர், எவர் அடுப்பெரித்தனர், மனைவி மறைந்தபின் கணவன் எங்ஙனம் வேளாண்மை நடத்தினான் என்பனவற்றை இச்சான்றுகள் பெரும்பாலும் கூறுவதில்லை. அவற்றை அறிதற்குத் தனிமாந்தர் தமக்கென்றும் தம் வீட்டார்க்கென்றும் எழுதிய நாட்குறிப்பும் மடலுமே துணையாவன. தமிழில் இவ்வகை எழுத்து அருகியே கிடைக்கின்றது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை புதுவையில் எழுதி வந்த நாட்குறிப்பு இவ்வகையில் நமக்கு வாய்த்த பெருஞ்செல்வம். அஃது ஒரு கடற்கரைப் பட்டினத்துப் பெருவணிகர்தம் எழுத்து. உள்நாட்டுப் புன்செய் உழவன் வீட்டுச் செய்தியை அதனுள் தேடுதல் பொருந்தாது.

அச்செய்தி சிறிதளவு கிடைக்கும் இடம் ஒன்றுண்டு. அது தமிழில் இல்லை. தமிழர் எழுதியதும் அன்று. பழைய தகடூராகிய தருமபுரியைச் சூழ்ந்த நாட்டில் கூடாரத்துள் அமர்ந்து தாமசு மன்றோ என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர் தம் வீட்டார்க்கு எழுதிய மடல் ஒன்றில் அஃது உளது. அம்மடலையும், அதில் பெயரின்றி வரும் உழவன் மனைவி ஒருத்தியையும் பற்றி ஈண்டு ஆராய்வாம்.

மன்றோ என்றவுடன் சென்னையில் 1839ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற குதிரைச் சிலையே பலர்க்கும் நினைவுக்கு வரும். அங்கவடி இல்லாத குதிரை என்று அதனைச் சுட்டிக்காட்டி மகிழ்வாரும் உளர். அச்சிலை 1820 முதல் 1827 வரை ஆளுநராய் இருந்த மன்றோவுக்கு எடுத்ததாகும். நாம் கருதும் மன்றோ அவரல்லர். முப்பது வயதைக் கடந்த, மணமாகாத, படைத்துறையிலிருந்து வருவாய்த் துறைக்கு வந்து சேர்ந்த இளைய அலுவலர். அவர் 1761இல் கிளாஸ்கோ நகரிற் பிறந்தவர். தந்தையார் அமெரிக்காவோடு வணிகம் செய்தவர். அங்கு மூண்ட விடுதலைப் போரால் அவ்வணிகம் நொடித்தது. 1780 சனவரியில் மன்றோ சென்னைக்கு வந்து படையிற் சேர்ந்தார். தொடக்க ஆண்டுகளின் வறுமையைத் தமக்கைக்கோ தங்கைக்கோ நகைச்சுவையோடு எழுதும் இயல்பு அவர்க்கு இருந்தது. மூன்றாண்டுகள் புத்தகத்தையோ தோட்டாப் பையையோ தவிர வேறு தலையணை கண்டிலேன் என்னும் கருத்துப்பட அவர் உடன்பிறந்தாளுக்கு எழுதிய மடல் புகழ் பெற்றது. இம்மடல்களைக் கிளெய்க் என்பார் 1830இல் வெளியிட்ட மன்றோவின் வரலாற்று நூலிற் காணலாம்.

1792 மார்ச்சு மாதத்தில் திப்பு சுல்தானோடு சீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை ஏற்பட்டது. அதனால் பாராமகாலும் சேலமும் திண்டுக்கல்லும் மலையாள நாடும் கும்பினியார் கைக்கு மாறின. பாராமகாலை ஆளக் காப்டன் அலெக்சாந்தர் ரீடு அமர்த்தப்பெற்றார். மன்றோ, கிரகாம், மக்லியாடு என்னும் மூவரும் அவர்க்குத் துணைவர். மன்றோ 1799 வரை ஏறத்தாழ ஏழாண்டுகள் இந்நாட்டில் இருந்தார். தருமபுரியில் தோட்டம் ஒன்றையும் அமைத்தார். பாராமகாலை விட்டுக் கன்னட நாட்டுக் கடற்கரைக்குச் செல்ல நேர்ந்தபோது தாம் வருந்தியதையும் எழுதியுள்ளார். பின்னர்க் கன்னடக் கடற்கரையின் ஓயாத மழையை வெறுத்து, கிழக்கு நோக்கித் திரும்ப வேண்டும் என்றே அவர் விரும்பிக்கொண்டிருந்தார். வானம் பார்த்த தருமபுரிப் புன்செய் நாட்டை ஒருவர் இத்துணை விரும்பினார் என்பது இந்நாட்டார்க்கே வியப்பளிக்கும்.

இனி, மடலுக்கு வருவாம். ஊர் ஊராகக் கூடாரத்தோடு சென்று குடிகளின் தீர்வையை முடிவு செய்வதே தம் தொழில் என்றும், அது சலிப்பூட்டுவது என்றும், பகலில் ஒரு நாழிகையேனும் தமக்குரியதாக இல்லை என்றும் மன்றோ கூறுகின்றார். காலை ஏழு மணிக்குத் தொடங்கிய மடல் நண்பகல் பன்னிரண்டு ஆகியும் முடியவில்லை. சுற்றிலும் ஒரு பன்னிருவர் நின்று பேசிக்கொண்டே இருக்கின்றனர். ஒருவன் தன் தந்தை பட்ட முப்பதாண்டுக் கடன் ஒன்றைப் பற்றி நெடுங்கதை கூறுகின்றான். மற்றொருவன், போரின்போது தான் ஊரில் இல்லாத காலத்தில் தன் உடன்பிறந்தான் தன் பொருளைப் போக்கடித்துவிட்டான் என்கின்றான். மூன்றாமவன், வழக்கமான தீர்வையைத் தன்னாற் செலுத்த இயலாது என்றும், தன் மனைவி இறந்துவிட்டாள் என்றும், அவள் தன்னிடம் உள்ள மிகச் சிறந்த எருதினும் மிகுதியாக உழைத்தவள் என்றும் முறையிடுகின்றான்.

மன்றோ இவற்றைத் தம் மடல் தடைப்பட்டமைக்குக் காரணமாகவே எழுதினார். உழவர் வாழ்க்கையை ஆராயும் கருத்து அவர்க்கு அப்போது இருந்திலது. அதனாலேயே இது சிறந்த சான்றாகின்றது. மேலதிகாரிக்கு எழுதும் அறிக்கையாயின் மூவரும் ‘குடிகள்’ என்னும் ஒரு சொல்லுள் அடங்கியிருப்பர். மனைவி இறந்த செய்தி இடம் பெற்றிராது. வீட்டார்க்கு எழுதும்போது காதில் விழுந்தது விழுந்தவாறே தாளில் ஏறிவிட்டது.

மூன்று முறையீடுகளும் குடும்பச் செய்திகளாகவே இருத்தல் நோக்கத்தக்கது. முதலாவது தந்தை மகன் தொடர்பு. இரண்டாவது உடன்பிறந்தார் பூசல். மூன்றாவது கணவன் மனைவி வாழ்வு. முப்பதாண்டுக் கடன் என்பது ஏறத்தாழ 1760களைக் குறிக்கும். 1767 முதல் 1769 வரை ஐதர் அலிக்கும் கும்பினியார்க்கும் நிகழ்ந்த முதற்போரில் பாராமகால் களமாயிற்று. 1780 முதல் 1784 வரை ஒரு போரும், 1790 முதல் 1792 வரை ஒரு போரும் பின்னர் நிகழ்ந்தன. ஒரு மனிதன் தன் வாழ்நாளில் மும்முறை படைகளின் நடமாட்டத்தைக் கண்டிருப்பான். ஊரை விட்டு ஓடுதலும், ஓடியவன் பொருளை இருந்தவன் கைக்கொள்ளுதலும், தந்தையின் கடன் மகன் தலையில் நிற்பதும் இப்போர்களின் விளைவுகளே. போர் வரலாற்று நூல்கள் கோட்டைகள் வீழ்ந்த நாள்களைக் குறிக்கின்றன; அவை வீழ்ந்தபின் அண்ணனும் தம்பியும் என்ன ஆயினர் என்பதை இம்மடலின் ஒரு தொடர் குறிக்கின்றது.

இக்குடும்பக் கதைகள் ஓர் அலுவலர் கூடாரத்துள் ஏன் நுழைந்தன என்னும் வினா எழலாம். விடை அக்காலத் தீர்வை முறையில் உளது. ரீடும் அவர்தம் துணைவரும் நிலங்களை அளந்து, ஊர்த்தலைவனோடும் குத்தகையாளனோடும் நில்லாமல், உழவன் ஒவ்வொருவனோடும் நேரே தீர்வை பேசும் முறைக்குப் படிப்படியாக வந்தனர். 1796 டிசம்பர் 10ஆம் நாள் ரீடு வெளியிட்ட அறிவிப்பு இதன்கண் ஒரு திருப்பம். உழவன் ஆண்டுதோறும் தான் வேண்டும் நிலத்தை வைத்துக்கொள்ளவும் வேண்டாததை விடவும் அஃது இடம் தந்தது. பிற்காலத்தில் ரயத்துவாரி எனப் பெயர் பெற்ற முறை இங்ஙனம் பாராமகாலில் முளைத்தது. தனி உழவனோடு தீர்வை பேசும்போது அவன் ஏர், எருது, ஆள்வலிமை ஆகியவற்றையும் பேச வேண்டியதாயிற்று. ஆள்வலிமை என்பது புன்செய்க் குடியானவனுக்கு அவன் குடும்பமே. ஆதலின், மனைவி இறந்தாள் என்பது வெறும் துயரச் செய்தியாக மட்டும் அமையாது, கணக்கிற்குரிய செய்தியாகவும் ஆயிற்று. 1802க்குப் பின் சில ஆண்டுகள் இந்நாட்டில் மிட்டாக்கள் ஏலமிடப்பட்டு இடைத்தரகர் வந்தபோது, இத்தகைய முறையீடு மிட்டாதாரின் வாயிலோடு நின்றிருக்கும். அதைக் கேட்டு வீட்டுக்கு மடல் எழுதுவார் எவரும் அங்கு இருந்திரார்.

இவ்வாறு கூறுவதால் ரயத்துவாரி முறை அருள் நிறைந்தது என்பது நம் கருத்தன்று. மனைவியின் சாவைக் கூறியே தீர்வையைக் குறைக்க வேண்டிய நிலைக்கு ஓர் உழவனைக் கொணர்ந்ததும் அம்முறையின் கடுமையே.

அவன் கூறிய உவமையைப் பற்றி இங்கே சிறிது விரித்துரைத்தல் வேண்டும். மனைவியை எருதோடு ஒப்பிட்ட தொடரை ஆங்கில வாசகர் நகைப்புக்கு உரியதாகவே கொண்டிருப்பர். மன்றோவும் அந்நகைப்பை எதிர்நோக்கியே எழுதினார் எனல் தவறாகாது. நம்மவருள்ளும் சிலர் இதனைப் பெண்ணை இழித்த கூற்று என்பர். அவ்வுழவன் தமிழிற் கூறினானா, தெலுங்கிற் கூறினானா, கன்னடத்திற் கூறினானா என்பது மடலால் விளங்கவில்லை; இம்மூன்றும் வழங்கும் நாடு இது. மன்றோ பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றவர். உழவன் வாய்ச்சொல்லுக்கும் மடலின் ஆங்கிலத்துக்கும் இடையில் எத்துணைப் பேர் வாய் இருந்தது என்பதும் தெரியவில்லை. எனினும் உவமை உழவனுடையதே என்று நாம் கருதுகின்றோம். கிளாஸ்கோ வணிகர் மகனுக்கு எருதின் அருமை இத்துணைத் தோன்றாது.

புறநானூற்றின் 289ஆம் பாடலில் கழாத்தலையார் ஓர் உவமையை ஆண்டுள்ளார். ஈரம் உள்ள பருவத்தில் உதவிய எருதுகள் பலவற்றுள்ளும் நல்லெருதைத் தேர்ந்து நோக்கும் உழவனை, மறவருள் சிறந்தாரைத் தேர்ந்து சிறப்புச் செய்யும் வேந்தனுக்கு அவர் உவமை ஆக்கினார். அங்கே நல்லெருதுக்கு ஒப்பாக நிற்பவன் போரிற் சிறந்த வீரன். அரசன் அவையில் முதற்சிறப்புப் பெறுவானை எருதோடு ஒப்பிட்டதை இழிப்பு என்று உரைகாரர் எவரும் கொண்டிலர். ஈரம் காய்வதற்கு முன் உழுது முடிக்க வேண்டிய நாட்டில் சிறந்த எருது ஒன்றே ஓராண்டுச் சோற்றை முடிவு செய்யும். தருமபுரி உழவன் புறப்பாட்டைக் கற்றவனல்லன். ஆயினும், அப்பாட்டைப் பிறப்பித்த வாழ்க்கை அவனுக்கும் உரியது. தன் உடைமையுள் மிக உயர்ந்ததை எடுத்து, அதனினும் அவள் உயர்ந்தவள் என்றான். இதனிற் பெரிய புகழ்ச்சி அவன் வாயில் இருந்திராது.

புகழ்ச்சி ஆயினும் உழைப்பு ஒன்றே ஈண்டுப் புகழப்படுகின்றது என்பதையும் மறைத்தல் கூடாது. அவளுக்கு மக்கள் இருந்தனரா, என்ன நோயால் இறந்தாள், பெயர் யாது என்பன வரவில்லை. கேட்டார்க்கு அவை வேண்டியிருந்தில.

அவளது உழைப்பு எத்தகையது என்பதை இந்நாட்டு வேளாண்மை கொண்டு உய்த்துணரலாம். கேழ்வரகு, சாமை, கொள்ளு, எள் என்பன இங்கு நெடுங்காலமாக விளைவன. கேழ்வரகை நாற்று விட்டு நடுதலும், களைக்கொத்தால் களை எடுத்தலும், கதிர் அறுத்தலும் பெண்டிர் கைப்பட நிகழ்வன. அறுத்தபின் தூற்றிப் புடைத்து, கல்லில் அரைத்து, களி கிளறி வைத்தலும் அவர்களதே. இவற்றோடு நீர் சுமத்தல், விறகு கொணர்தல், மாட்டுக்குத் தீனி இடுதல், பால் கறத்தல் என்பன நாள்தோறும் உள. எருதுக்கு ஏர்ப்பருவமும் கவலை இறைக்கும் பருவமும் போரடிக்கும் பருவமும் உண்டு. இடையில் ஓய்வும் உண்டு. அவ்வெருதுக்கு வைக்கோல் இட்டவளுக்கு ஓய்வு இல்லை. ஆதலின் எருதினும் மிகுதியாக உழைத்தாள் என்பது உயர்வு நவிற்சி அன்று; உள்ளது கூறலே என்க.

மனைவியை இழந்த ஆடவன் கூற்று தமிழிலக்கியத்திற்குப் புதிதன்று. சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை தன் தேவி இறந்தபோது பாடியது புறநானூற்றின் 245ஆம் பாட்டு. அவளை ஈமத்தில் வைத்துத் தீயிட்ட பின்னும் தான் உயிரோடு இருப்பதை எண்ணி அவன் நோகின்றான். துயரத்தைத் துயரமாகவே கூறும் உரிமை அரசனுக்கு இருந்தது. அதைக் கேட்டுப் போற்றவும் ஏட்டில் எழுதவும் ஆள் இருந்தனர். தருமபுரி உழவன் தன் துயரைத் தீர்வைக் கணக்கின் வழியாகவே கூற வேண்டியிருந்தது. இருவர் துயரும் அளவில் ஒன்றா என்பதை யார் கூற வல்லார்?

தகடூர் நாட்டைப் பற்றிய பழம்பாட்டுகளிலும் இல்லற வாழ்வு தலைகாட்டாமல் இல்லை. அதியமான் நெடுமான் அஞ்சி போர்க்களத்திலிருந்து வந்து தன் புதல்வனை முதன்முதற் கண்ட காட்சியை ஔவையார் புறநானூற்று 100ஆம் பாட்டிற் கூறியுள்ளார். மகனைக் கண்டபோதும் பகைவரை நோக்கிச் சிவந்த கண் சிவப்பு மாறவில்லை என்பது அதன் கருத்து. இல்லத்துள்ளும் போரே புகுந்து நிற்கின்றது. மகனைப் பெற்ற தாயைப் பற்றி அப்பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. இந்நாட்டு நடுகற்களும் அவ்வாறே. 1970களில் நாகசாமி தலைமையில் தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் செங்கம், தருமபுரிப் பகுதிகளில் தேடி வெளியிட்ட நடுகற் கல்வெட்டுகள் தமிழ் எழுத்து வரலாற்றுக்கே பெரும் பயன் விளைத்தன. அரசன் ஆட்சியாண்டும், தொறு கொள்ளவோ மீட்கவோ சென்று பட்டவன் பெயரும் அவற்றுள் பெரும்பாலும் வரும். ஆநிரைக்காக இறந்தவனுக்குக் கல் உண்டு. அந்நிரையைக் கறந்தும் மேய்த்தும் காத்தவள் இறந்தால் கல் இல்லை. மன்றோவின் மடலில் வரும் தொடர் ஒரு வகையில் அப்படி எடுக்கப்படாத கல்லின் எழுத்து எனலாம். இது சற்று மிகையாகத் தோன்றினும் நாம் அதனை மாற்ற விரும்பவில்லை.

ரீடின் ஆட்சிக்காலத்து ஆவணங்கள் பாராமகால் ஆவணங்கள் என்னும் பெயரால் சென்னை அரசாங்கத்தாரால் 1907 முதற் பல பகுதிகளாக அச்சிடப்பட்டன. அவற்றுள் குடிமக்களைப் பற்றிய பகுதி ஒன்று உளது. சாதிதோறும் மணமுறை முதலிய வழக்கங்கள் அதில் தொகுக்கப்பட்டுள்ளன. ஆராய்ச்சியாளர்க்கு அது மிகப் பயன்படுவதே. ஆனால், இன்ன சாதியார் இங்ஙனம் மணம் செய்வர் என்று கூறும் ஏடு, மணம் செய்துகொண்ட இன்னான் இங்ஙனம் வாழ்ந்தான் என்று கூறுவதில்லை. பொதுமை ஆவணத்திலும் தனிமை மடலிலும் கிடைக்கின்றது. இரண்டையும் ஒருங்கு வைத்துக் கற்பார் இதுகாறும் குறைவு. மன்றோவின் மடல்களை ஆங்கில ஆட்சி வரலாற்றுக்கு உரியன என்று தமிழ்த் துறையார் ஒதுக்கிவிட்டமை ஒரு குறையே.

மன்றோவின் பிற்கால மடல் ஒன்றையும் இங்குக் கருதுதல் பொருந்தும். அவர் 1814இல் ஜேன் காம்பெல் என்பாரை மணந்தார். ஆளுநராய் இருந்தபோது, 1826இல், நோயுற்ற இளமகனை அழைத்துக்கொண்டு அவர் மனைவியார் தாய்நாடு சென்றார். அதன்பின் மன்றோ மனைவிக்கு எழுதிய மடலில் கிண்டித் தோட்டத்தில் தனியே உலவியதைக் கூறி, அவரும் குழந்தையும் இன்மையால் எல்லாம் வெறுமையாய்த் தோன்றுவதை எழுதுகின்றார். பின்னைய ஆண்டில் தாமும் புறப்பட எண்ணியிருந்தவர் 1827 சூலை 6ஆம் நாள் பத்திக்கொண்டாவில் வாந்திபேதியால் இறந்தார். மனைவியைப் பின்னர்க் கண்டிலர். பாராமகாலில் மனைவியை இழந்தவன் பேச்சைக் கேட்கச் சலித்த இளைஞரும், கிண்டியில் வெறுமையை எழுதிய முதியவரும் ஒருவரே. அவ்வுழவனை அவர் அப்போது நினைத்தாரா என்பதற்குச் சான்று இல்லை. நாம் அதனைக் கற்பித்துக் கூறுதல் முறையாகாது.

இந்நாட்டாரே தம்மைப் பற்றி எழுதிய எழுத்து பின்னாளிற் கிடைக்கின்றது. 1878இல் தொரப்பள்ளியிற் பிறந்த இராசகோபாலாச்சாரியார், 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச்சு வரை வேலூர்ச் சிறையில் இருந்தபோது நாட்குறிப்பு எழுதினார். அவ்வூர் அன்று சேலம் மாவட்டத்தது. 1965இல் தருமபுரி மாவட்டம் ஏற்பட்டபோது அதனுட் சேர்ந்தது. 2004 முதல் கிருட்டினகிரி மாவட்டத்தது. அவர்தம் தந்தையார் அவ்வூர் முனிசீப்பு. சிறை புகுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே மனைவியை இழந்து, மக்கள் ஐவரைக் கொண்டிருந்தவர் அவர். ஊரலுவல் பார்த்த வீட்டிலிருந்தே இந்நாட்டின் முதன்மையான நாட்குறிப்பாளர் ஒருவர் தோன்றினார் என்பது கருதத்தக்கது. எழுத்து எவர் வீட்டில் இருந்ததோ அவர் வீட்டு வாழ்வே எழுதப்பட்டது.

ஆகலின், உழவர் இல்லறத்தை அறிய விரும்புவார் ஊர்க்கணக்கர் வீடுகளை நோக்கியே செல்லல் வேண்டும். மன்றோவின் கூடாரத்தில் அவர் அருகே கர்ணம் ஒருவர் ஏட்டோடு அமர்ந்திருப்பார். உழவன் கூறியதை மன்றோ மடலில் எழுதினார். கர்ணம் கணக்கில் எழுதியிருப்பார். தீர்வையில் தள்ளுபடி தரப்பட்டிருப்பின், வஜா என்னும் தலைப்பின்கீழ் ஊர், பசலி, ஆள் பெயர், தொகை என்னும் முறையில் அஃது ஒரு வரியாக இருக்கும். காரணமும் இரண்டொரு சொல்லில் இருத்தல் கூடும். பரம்பரை ஊர்க்கணக்கர் பதவி தமிழ்நாட்டில் 1980 நவம்பரில் நீக்கப்பட்டது. அதன்பின் அக்குடும்பங்களில் எஞ்சிய பழைய ஓலைகளும் காகிதக் கட்டுகளும் எவர்க்கும் பயனில்லாதனவாகக் கருதப்பட்டுப் பரணிற் கிடக்கின்றன; கரையானுக்கும் இரையாகின்றன. இலக்கியச் சுவடிகளைத் தேடியவர்கள் கணக்கோலையைக் கண்டால் ஒதுக்கிச் சென்றனர். பென்னாகரம், அரூர், பாலக்கோடு பகுதிகளில் ஆய்வு மேற்கொள்ளும் மாணவர் இனி ஒதுக்காமல் எடுத்துப் பார்த்தல் வேண்டும். பார்க்க வேண்டுவன 1792 முதல் 1799 வரையுள்ள ஆண்டுகளின் தள்ளுபடிக் கணக்குகள். அவற்றுள் ஏதேனும் ஒன்றில் அவ்வுழவனின் பெயரேனும் கிடைத்தல் கூடும்.